யார் கொடுத்த நாற்காலி?

2020 டிசம்பர் 28 அன்று திருவனந்தபுரம் மேயராக ஆர்யா ராஜேந்திரன் பதவியேற்றபோது அவருக்கு வயது 21. ஆல் செயின்ட்ஸ் கல்லூரியில் கணிதம் படித்துக்கொண்டிருந்த மாணவி. அப்பா எலக்ட்ரீஷியன், அம்மா எல்ஐசி முகவர், குடியிருந்தது வாடகை வீடு. இந்தியாவின் மிக இளைய மேயர் என்று நாடெங்கும் பேச்சானது. கமல்ஹாசன் வாழ்த்தினார், கௌதம் அதானியும் வாழ்த்தினார். ஐந்தாண்டு கழித்து, 2025 டிசம்பரில், அதே மாநகராட்சியின் 101 வார்டுகளில் 50 பாஜக கூட்டணிக்குப் போயின. இடது முன்னணிக்குக் கிடைத்தவை 29. பல பத்தாண்டுகளாக இடதுசாரிகள் கையில் இருந்த நகரம் கைமாறியது. அந்தத் தேர்தலில் ஆர்யா போட்டியிடவே இல்லை. முடிவு வெளியானதும் அவருடைய மார்க்சிஸ்ட் கட்சியைச் சேர்ந்த கவுன்சிலர் ஒருவரே, பெயர் சொல்லாமல் மேயரின் நடத்தையைச் சாடி முகநூலில் எழுதினார். பிறகு அதை நீக்கிவிட்டார்.

'சின்னப் பெண்ணிடம் நகரத்தைக் கொடுத்தால் வேறென்ன ஆகும்' என்ற பேச்சு அன்றைக்கே தொடங்கிவிட்டது. அரசியலில் இளையவர்கள் வர வேண்டும் என்று அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். என் பார்வையில் இரு தரப்புமே தவறான இடத்தில் தேடுகின்றன. இளையவர்கள், பெண்கள், தலித்துகள், திருநர்கள், தினக்கூலிக் குடும்பத்துப் பிள்ளைகள் எனக் கட்சிகள் இதுவரை கண்ணெடுத்துப் பார்க்காதவர்கள் உள்ளாட்சிக்கு வருவது நல்லதா என்ற கேள்விக்கு விடை தேட அவர்களுடைய வயதைப் பார்த்துப் பயனில்லை. அவர்களை அந்த நாற்காலியில் உட்கார வைத்தது யார், அங்கே உட்கார்ந்த பிறகு அவர்கள் கைக்கு என்ன வந்தது, தடுமாறியபோது கூட நின்றது யார் என்று பார்க்க வேண்டும். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் 2020 முதல் 2025 வரை நடந்தவற்றில் இதற்குப் போதுமான சான்று இருக்கிறது.

முதலில் திருவனந்தபுரம். அங்கே அந்த முறை மேயர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. மார்க்சிஸ்ட் கட்சி மேயர் பதவிக்கு மனத்தில் வைத்திருந்த மூத்த பெண்களில் இருவர் தத்தம் வார்டில் தோற்றார்கள். அப்போது பதவியில் இருந்த மேயரும் தன் வார்டில் பாஜகவிடம் தோற்றார். இடது முன்னணிக்குப் பெரும்பான்மை கிடைத்தது, மேயர் யார் என்பது மட்டும் முடிவாகவில்லை. அந்த நெருக்கடியில் மாவட்டத் தலைமை கண்டெடுத்த பெயர்தான் ஆர்யா. முடவன்முகல் வார்டு மக்கள் அவரைக் கவுன்சிலராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு நகரத்தையே நடத்த அவரை யாரும் வாக்குப்போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் கட்சியின் சிறுவர் அமைப்பான பாலசங்கத்திலும் மாணவர் சங்கத்திலும் வளர்ந்தவர், கூட்டம் நடத்தவும் மேடையில் பேசவும் தெரிந்தவர். ஆனால் ஒரு வார்டுக் கவுன்சிலராக ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. கவுன்சிலராகப் பதவியேற்ற ஒரே வாரத்தில் மேயர்.

அந்த ஐந்தாண்டில் நடந்தவற்றை நேர்மையாக எடைபோட்டால் ஆர்யாவின் கணக்கில் சேர வேண்டியவையும் உண்டு, சேரக் கூடாதவையும் உண்டு. 2021-இல் மண்டல அலுவலகங்களில் மக்கள் கட்டிய வரிப்பணத்தை வங்கியில் செலுத்தாமல் ஊழியர்களே சுருட்டியது வெளியே வந்தது. பணம் கையாண்டவர்கள் பழைய ஊழியர்கள். புது மேயர் வந்து அதைத் தொடங்கி வைக்கவில்லை. ஆனால் இப்படி ஒன்று வெடிக்கும்போது எந்தக் கோப்பைக் கேட்க வேண்டும், எந்த ரசீதை எந்தப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும், எந்த அதிகாரியை அன்றே மாற்ற வேண்டும் என்பது நிலைக்குழுவில் இரண்டு மூன்று ஆண்டு உட்கார்ந்தவருக்குத்தான் கைவரும். மேடைப்பேச்சு அந்த இடத்தில் உதவாது. எதிர்க்கட்சி வாரக்கணக்கில் மன்றத்தை முடக்கியபோது அந்தப் பயிற்சியின் குறை பளிச்சென்று தெரிந்தது.

2022 நவம்பரில் வெளியான கடிதம் இன்னும் முக்கியமானது. மாநகராட்சியில் 295 தற்காலிகப் பணியிடங்களுக்குக் கட்சிக்காரர்களின் பட்டியல் கேட்டு, மேயரின் பெயர் அச்சிட்ட தாளில், கட்சியின் மாவட்டச் செயலாளருக்கு எழுதப்பட்டதாகச் சொல்லப்பட்ட கடிதம் அது. தான் எழுதவில்லை, போலி என்று ஆர்யா மறுத்தார். சிபிஐ விசாரணை கேட்ட மனுவை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கடைசியில் நிலைக்குழுத் தலைவர் ஒருவர் பதவி விலகினார், போராட்டம் ஓய்ந்தது. கடிதம் யார் எழுதியது என்பதை என்னால் தீர்மானிக்க முடியாது. ஆனால் அப்படியொரு கடிதம் இருந்திருக்கக்கூடும் என்று நகரத்தில் பெரும்பாலோர் எளிதாக நம்பினார்கள். காரணம் தற்காலிக வேலைகளுக்குக் கட்சி அலுவலகத்திலிருந்து பட்டியல் வருவது கேரளத்தில் யாருக்கும் புதிதல்ல. அதுவரை அந்த வழக்கத்தோடு வாழ்ந்த நகரம், இருபத்து மூன்று வயதுப் பெண்ணின் முகம் கிடைத்ததும் தன் கோபத்தையெல்லாம் அவர்மேல் கொட்டியது. கட்சியின் பழக்கத்துக்கு அவர் பழி சுமந்தார். அப்படிச் சுமக்கத் தோதான இடத்தில் அவரைக் கட்சிதான் வைத்தது.

2024 ஏப்ரலில் நடுச்சாலையில் அரசுப் பேருந்து ஓட்டுநரோடு நடந்த தகராறு வேறு வகை. முறையற்ற சைகை காட்டினார் என்பது மேயரின் புகார். பேருந்தை மறித்துப் பணியைத் தடுத்தார்கள் என்பது ஓட்டுநரின் புகார். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. பேருந்துக் கேமராவின் மெமரி கார்டு காணாமல் போனது சந்தேகத்தை வளர்த்தது. தவறு யார் பக்கம் என்றாலும், பதவியில் இருப்பவர் ஒரு தினக்கூலி ஓட்டுநரோடு தெருவில் நிற்கும் காட்சியில் மக்கள் யார் பக்கம் சாய்வார்கள் என்பதை அனுபவமுள்ள அரசியல்வாதி அறிந்திருப்பார். புகார் இருந்தால் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறிப் போயிருப்பார். இதை ஆர்யாவின் குறை என்றே எழுதிக்கொள்கிறேன்.

அதே ஆண்டு ஜூலையில் ஆமயிழஞ்சான் கால்வாயில் குப்பை அள்ள இறங்கிய ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் அந்தக் கால்வாயில் குப்பை மலையாகக் கிடந்தது. இரண்டு நாள் தேடலுக்குப் பிறகு உடல் கிடைத்தது. ரயில்வே மாநகராட்சியைச் சொன்னது, மாநகராட்சி ரயில்வேயைச் சொன்னது. ஆர்யா எல்லோர் முன்னாலும் உடைந்து அழுதார். அந்த அழுகையைக் கேலி செய்தவர்களை என்னால் மன்னிக்க முடியாது. ஆனாலும் கால்வாய் அந்த மூன்றரை ஆண்டிலும் அங்கேதான் இருந்தது, குப்பையும் இருந்தது. இது மேயரின் பொறுப்பில் வருவது. அதேபோல் முன்னால் இருந்த மேயர்களின் பொறுப்பிலும் வருவது. அவர்களில் பலர் நரைத்த தலையோடு அந்த நாற்காலியில் இருந்தவர்கள்.

தன் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஆர்யா கோப்பில் கையெழுத்திட்ட படத்துக்கு வந்த வசைகளை நான் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. அவை எழுதியவர்களைப் பற்றியவை.

சரி, தோல்வி அவரால்தானா? 2025 தேர்தலில் இடது முன்னணி திருவனந்தபுரத்தை மட்டும் இழக்கவில்லை. கொல்லம், கொச்சி, திருச்சூர் மாநகராட்சிகளையும் காங்கிரஸ் கூட்டணியிடம் இழந்தது. அங்கெல்லாம் இருபதுகளில் இருந்த மேயர் யாரும் இல்லை. மாநில அரசின் மீதான சலிப்பும் சபரிமலைத் தங்க விவகாரமும் எல்லா ஊரிலும் வேலை செய்தன. திருவனந்தபுரத்தில் மட்டும் அந்த அறுவடை பாஜகவுக்குப் போனது ஏன் என்றால், 2010-இல் ஒற்றை இலக்கத்தில் இருந்த அந்தக் கட்சி 2015-லேயே அங்கு முப்பதுக்கு மேற்பட்ட வார்டுகளைப் பிடித்து இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டது. அப்போது ஆர்யா பள்ளி மாணவி. ஆகவே 'இளம் மேயரால் நகரம் போனது' என்ற குற்றச்சாட்டு நிற்காது. அவருடைய தடுமாற்றங்கள் தோல்வியின் அளவைக் கூட்டியிருக்கலாம் என்பதுவரை ஒப்புக்கொள்கிறேன், அதற்கு மேல் இல்லை.

இங்கே இன்னொரு பெயரைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதே ஊர், அதே கட்சி, வி.கே. பிரசாந்த். 2015-இல் மேயரானபோது அவருக்கு 34 வயது. அந்த மாநகராட்சிக்கு அதுவே இளமைதான். கழக்கூட்டம் ஊராட்சியில் உறுப்பினராக இருந்து வேலை கற்றவர். அவருடைய மன்றத்தில் இடது முன்னணிக்குத் தனிப் பெரும்பான்மைகூடக் கிடையாது. 2019 ஆகஸ்ட் வெள்ளத்தின்போது வட கேரளத்துக்கு லாரி லாரியாக நிவாரணப் பொருள் திரட்டி அனுப்பியதில் 'மேயர் ப்ரோ' என்ற செல்லப்பெயர் வாங்கினார். அந்த அக்டோபரில் வட்டியூர்க்காவு இடைத்தேர்தலில் நின்றார். 2016-இல் அவருடைய கட்சி மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்ட தொகுதி அது. 14,000-க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆர்யாவையும் பிரசாந்தையும் பிரிப்பது மேயரான வயதில் இருந்த பதிமூன்று ஆண்டு வித்தியாசம் என்று ஒருவர் சொல்லலாம். குடிநீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் திட்டு வாங்கிக் கழித்த காலம்தான் அவர்களைப் பிரிக்கிறது என்று நான் சொல்வேன். அந்தக் காலத்தை ஆர்யாவுக்குக் கொடுத்திருந்தால் அவர் எப்படி வந்திருப்பார் என்பதை அறியும் வாய்ப்பைக் கட்சியே பறித்துவிட்டது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மார்ச் 4 அன்று சென்னையின் மேயரானார் ஆர். பிரியா, வயது 28, எம்.காம். பட்டதாரி, 74ஆவது வார்டுக் கவுன்சிலர். 1957-இல் தாரா செரியன், 1971-இல் காமாட்சி ஜெயராமன். அவர்களுக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வந்த மூன்றாவது பெண், முதல் தலித் பெண். 1688-இல் தொடங்கிய மாநகராட்சியில் இது நடக்க இத்தனை காலம் ஆனது என்பதே பெரிய செய்தி. அதை நான் குறைத்துப் பேசவே மாட்டேன்.

ஆனால் பிரியாவை எப்படி மதிப்பிடுவது? திருவனந்தபுரத்து அளவுகோல் இங்கே செல்லாது. கேரளத்தில் 1996-இன் மக்கள் திட்ட இயக்கம் மாநிலத் திட்டநிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்குக் கொடுத்தது. அங்கே மேயர் கையில் ஏதோ இருக்கிறது. சென்னையில் நிர்வாகம் ஆணையரிடம் இருக்கிறது. ஆணையரை அனுப்புவதும் மாற்றுவதும் மாநில அரசு. குடிநீரும் கழிவுநீரும் மெட்ரோ வாட்டரிடம், நகரத் திட்டம் சிஎம்டிஏவிடம், குடிசைப் பகுதி வீடுகள் நகர்ப்புற வாழ்விட வாரியத்திடம். மூன்றும் மாநில அரசின் கீழ் இருப்பவை. தெருவில் சாக்கடை பொங்கினால் மக்கள் மேயரைத் திட்டுவார்கள்; அந்தச் சாக்கடை மேயருடையது கிடையாது.

2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் கரை கடந்த மறுநாள், முதலமைச்சர் சேதங்களைப் பார்க்க வடசென்னைக்கு வந்தார். அப்போது எடுத்த காணொளி ஒன்று பரவியது. முதல்வரின் வாகன அணிவகுப்பில் ஒரு வண்டியின் படியில் மேயர் பிரியாவும் மாநகராட்சி ஆணையரும் நின்றபடி தொற்றிக்கொண்டு போகிறார்கள். மேயரைக் கேலி செய்தும் இரக்கப்பட்டும் நிறையப் பேர் எழுதினார்கள். அடுத்த இடத்துக்குச் சீக்கிரம் போகத்தான் ஏறினேன், யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்றார் பிரியா. அதை நம்புகிறேன். எனக்கு அந்தக் காட்சியில் உறுத்தியது வேறு. நகரத்தின் மேயர் தன் நகரத்தின் வெள்ளத்தைத் தானே போய்ப் பார்த்து, தானே உத்தரவு போட்டு, முதல்வருக்கு அறிக்கை கொடுக்கும் வழக்கம் இங்கே இல்லை. யார் மேயராக இருந்திருந்தாலும் அந்த அணிவகுப்பில் பின்னால்தான் போயிருப்பார். பிரியா நல்ல மேயரா என்ற கேள்விக்கு, மேயராக இருக்க அவருக்கு எவ்வளவு இடம் கிடைத்தது என்று கேட்காமல் விடை சொல்வது அவருக்குச் செய்யும் அநியாயம். என் தீர்ப்பு: சோதனை நடக்கவே இல்லை. அவரை முன்னே நிறுத்தியவர்கள் படத்தைக் கொடுத்தார்கள், பதவியைப் பாதிதான் கொடுத்தார்கள்.

அனுபவமில்லாதவர்களை அள்ளிப்போட்டார்கள் என்ற புகாரையும் இங்கேயே பார்த்துவிடலாம். 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை தமிழ்நாட்டு நகரங்களில் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றமே கிடையாது. தனி அலுவலர்கள் ஆண்டார்கள். ஐந்தாண்டுக்கு மேல் ஒரு தலைமுறைக் கவுன்சிலர்களை உருவாக்க மறுத்துவிட்டு, அதன் பிறகு வந்தவர்களிடம் அனுபவம் எங்கே என்று கேட்பதில் நியாயம் இல்லை. வந்தவர்களுக்குச் சம்பளமும் கிடையாது. 2023 ஜூலையிலிருந்துதான் மேயருக்கு மாதம் 30,000 ரூபாயும் மாநகராட்சிக் கவுன்சிலருக்கு 10,000 ரூபாயும் மதிப்பூதியமாக வந்தது. அதற்கு முன் கூட்டத்துக்கு வந்தால் கொடுக்கும் படிதான். வசதியில்லாத வீட்டுப் பிள்ளை நேர்மையாகக் கவுன்சிலர் வேலை பார்த்துக் குடும்பமும் நடத்த வேண்டும் என்று எதிர்பார்த்த அமைப்பு இது. அப்பாவோ கணவரோ கட்சியில் இருந்து பார்த்துக்கொண்டால்தான் முடியும். இளையவர் பலருக்குப் பின்னால் ஒரு குடும்பம் நிற்பதற்கு இதுவும் காரணம். கேரளத்தின் பாலா நகராட்சியில் 2025 டிசம்பரில் 21 வயதுத் தியா பினு தலைவரானார். அவரும் அப்பாவும் அப்பாவின் சகோதரரும் ஆக ஒரே குடும்பத்தில் மூவர் சுயேச்சைகளாக ஜெயித்து, அந்த மூன்று கைகள்தாம் ஆட்சியைத் தீர்மானித்தன. இப்படி வருவதைக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இதைப் புது ரத்தம் என்று கொண்டாடுவதற்குமுன் யோசிக்க வேண்டும்.

இளமையை விட்டு 'வழக்கத்துக்கு மாறான' என்ற பக்கத்துக்கு வந்தால் கும்பகோணம் நல்ல பாடம். 2022-இல் மேயரான க. சரவணன் ஆட்டோ ஓட்டுநர். பதவியேற்க ஆட்டோ ஓட்டிக்கொண்டே வந்தார், படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. ஆட்டோ ஓட்டுபவர் மேயராவது மகிழ்ச்சியான விஷயம்தான். ஆனால் 48 வார்டுகளில் அவருடைய காங்கிரஸ் கட்சி ஜெயித்தது இரண்டே இரண்டு. கூட்டணிப் பங்கீட்டில் திமுக விட்டுக்கொடுத்த பதவி அது. மன்றத்தில் கூட்டணிக் கட்சிக் கவுன்சிலர்களே அவரோடு மோதியபோது அவருக்குப் பின்னால் நிற்க இரண்டு கைகூட முழுசாக இல்லை. கோவையில் முதல் பெண் மேயராக, யாரும் எதிர்பாராத வகையில் தேர்வான கல்பனா ஆனந்தகுமார் 2024 ஜூலையில் பதவி விலகினார். நெல்லை மேயரும் அதே நாளில் விலகினார். காஞ்சிபுரம் மேயர் மீது சொந்தக் கட்சிக் கவுன்சிலர்களே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். வாக்கெடுப்பு நாளில் ஒருவரும் வராததால் தீர்மானம் தோற்றது. வரச் சொன்னதும் வர வேண்டாம் என்று சொன்னதும் யாராக இருக்கும் என்று நகரத்து மக்கள் ஊகித்துக்கொண்டார்கள். இந்த நான்கு ஊரிலும் நகரத்து வாக்காளருக்கு இதில் எந்த வேலையும் இல்லை. மேயரைக் கொண்டுவந்தவர்களும் அவர்கள் இல்லை, அனுப்பியவர்களும் அவர்கள் இல்லை.

தமிழ்நாட்டில் 1996, 2001, 2011 ஆகிய ஆண்டுகளில் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-இலும் 2022-இலும் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஆளுங்கட்சிக்கு எது வசதியோ அதற்கேற்ப முறை மாறியது. மறைமுகத் தேர்தலில் யாரும் எதிர்பாராத ஒருவரை மேயராக்குவது கட்சிக்கு மிக மலிவான காரியம். மக்கள் ஒத்துக்கொள்வார்களா என்ற ஐயம் இல்லை, செலவில்லை, நாளைக்கு மாற்றவும் தடையில்லை. புகழ் கட்சிக்கு, பழி அவருக்கு. இந்தக் காரணத்தால்தான் 'முதல்', 'மிக இளைய' என்ற அடைமொழிகளோடு வரும் மேயர் அறிவிப்புகளை நான் ஐயத்தோடு பார்க்கிறேன்.

நேரடித் தேர்தல் நடந்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. அதைப் பார்க்க ஊராட்சிக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவரை ஊரே வாக்குப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறது. 2020 ஜனவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் கே.என். தொட்டியில் 21 வயதுக் கல்லூரி மாணவி தலைவரானார். 2021 அக்டோபரில் தென்காசி மாவட்டம் வெங்கடாம்பட்டியில் 21 வயதுப் பொறியியல் பட்டதாரிப் பெண். ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. ஊரார் முகத்தைப் பார்த்து வாக்குக் கேட்டு வந்தவர்கள் இவர்கள். அதனாலேயே இவர்களுக்கு மேயருக்கு இல்லாத ஒரு பலம் உண்டு: ஊரைத் தவிர யாருக்கும் கடன்படவில்லை.

ஆனால் அந்தப் பதவிக்குள் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். கோடையில் போர் மோட்டாரின் காயில் எரிந்துபோகிறது. காலையில் குடத்தோடு பெண்கள் தலைவர் வீட்டு வாசலுக்கு வருகிறார்கள். மெக்கானிக் முன்பணம் கேட்கிறார், ஏனென்றால் போன முறை பார்த்த வேலைக்கே இன்னும் பில் பாஸாகவில்லை. பணம் எடுக்கத் தலைவர் கையெழுத்தோடு துணைத் தலைவர் கையெழுத்தும் வேண்டும். துணைத் தலைவர் தேர்தலில் எதிரணி. ஊரில் ஆதிக்கச் சாதி. அவர் போட மாட்டேன் என்றால் பணம் நகராது. ஊராட்சிச் செயலருக்கு எல்லாம் தெரியும், ஆனால் அவர் இருபது ஆண்டாக யார் சொல்லைக் கேட்டுப் பழகினாரோ அவர் சொல்லைத்தான் கேட்பார். பி.டி.ஓ. அலுவலகத்துக்குப் போனால் எஸ்டிமேட் கொண்டு வா, தீர்மான நகல் கொண்டு வா என்பார்கள். தண்ணீர் மூன்றாம் நாள் வரும், அதுவும் தலைவர் தன் கைக்காசைப் போட்டிருந்தால். 21 வயதில் இதைச் சமாளிப்பவர் முப்பது வயதில் எந்த நாற்காலியிலும் உட்காரத் தகுந்தவர்.

எல்லோருக்கும் சமாளிக்கும் வாய்ப்புக்கூடக் கிடைப்பதில்லை. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியல் சாதிப் பெண் தலைவரை ஊராட்சிக் கூட்டத்தில் தரையில் உட்கார வைத்து, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் வெளியானது. வாக்கு கொடுத்த நாற்காலியைச் சாதி பிடுங்கிக்கொண்டது. சாதிக்கு மேலே மாவட்ட நிர்வாகம் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆவது பிரிவு, மக்கள் தேர்ந்தெடுத்த தலைவரைப் பதவியிலிருந்து நீக்க மாவட்ட ஆட்சியருக்கு அதிகாரம் தருகிறது. இந்தப் பிரிவின் ஆபத்தைக் குத்தம்பாக்கம் இளங்கோ அனுபவித்தார். வேதிப் பொறியாளர், அறிவியல் ஆராய்ச்சி வேலையை உதறிவிட்டு 1996-இல் தன் ஊருக்குத் தலைவரானவர். அந்தக் காலத்து வழக்கத்துக்கு மாறான வேட்பாளர் என்றால் அவர்தான். பக்கத்திலிருந்த ஆலையில் மிஞ்சிய கிரானைட் துண்டுகளைக் கொண்டு மலிவாக வடிகால் கட்டினார். எஸ்டிமேட்டில் சொன்ன கல் இதுவல்ல என்று பதவியிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அவர் கிராம சபையைக் கூட்டினார், ஊர் அவர் பக்கம் நின்றது, உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. 2001-இல் ஊர் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்தது. கட்சி கொடுத்த நாற்காலியில் இருப்பவருக்கு இப்படிக் கூட்டிக் கேட்க ஒரு சபை கிடையாது.

இதுவரை சொன்னதிலிருந்து என் முடிவை வைக்கிறேன். வார்டிலும் ஊராட்சியிலும் இருபத்தொரு வயதுக்காரர் நிற்பதை எந்தத் தயக்கமும் இல்லாமல் ஆதரிக்க வேண்டும். அரசமைப்புச் சட்டமே சட்டமன்றத்துக்கு 25 என்று வைத்துவிட்டு உள்ளாட்சிக்கு 21 என்று தளர்த்தியது இதற்காகத்தான். சென்னையின் 98ஆவது வார்டில் 21 வயதில் ஜெயித்த மார்க்சிஸ்ட் கட்சியின் பிரியதர்ஷினியும், வேலூரின் 37ஆவது வார்டில் ஜெயித்த திருநங்கை கங்கா நாயக்கும் சரியான படியில் ஏறியவர்கள். ஒரு வார்டுக்குள் தப்பு செய்தால் திருத்திக்கொள்ளலாம், தெருவே சொல்லிக்கொடுத்துவிடும். முதல்முறை கவுன்சிலரை அந்த வாரமே மேயராக்குவதை எதிர்க்கிறேன். வயது எதுவாக இருந்தாலும். மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் இந்த எதிர்ப்பை விட்டுவிடுவேன், ஏனென்றால் அப்போது தவறும் சரியும் மக்கள் கணக்கில் எழுதப்படும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. படிப்படியாக ஏறி வா என்றால் பெண்ணும் தலித்தும் ஏழையும் முதல் படியிலேயே நிறுத்தப்படுவார்கள். கட்சி மேலிருந்து தூக்கி வைக்காவிட்டால் சென்னைக்குத் தலித் பெண் மேயர் இன்னும் நூறாண்டு வந்திருக்க மாட்டார் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் பிரியாவைக் கொண்டுவந்தது கட்சியின் பெருந்தன்மையா? மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது, ஆகவே ஒரு பட்டியல் சாதிப் பெண் மேயரானார். திருவனந்தபுரத்திலும் ஒதுக்கீடு இல்லையென்றால் ஆர்யாவின் பெயர் மேசைக்கே வந்திருக்காது. கதவைத் திறந்தது சட்டம். திறந்த கதவுக்குள் யாரை அனுப்புவது, எத்தனை நாள் இருக்கவிடுவது என்பதை மட்டுமே கட்சி முடிவு செய்தது. அந்த முடிவில்தான் கோளாறு. கேரளத்தில் ஒதுக்கீடு ஒவ்வொரு தேர்தலிலும் சுழல்கிறது. பெண் வார்டு பொது வார்டானதும் அங்கே ஐந்தாண்டு உழைத்த பெண்ணுக்கு மறுபடி சீட்டுக் கிடைப்பது அரிது. ஆர்யாவுக்கும் கிடைக்கவில்லை. ஐந்தாண்டு அடிபட்டு, கோப்பும் கணக்கும் மன்ற விதிகளும் தெரிந்துகொண்டு, 26 வயதில் அவர் அப்போதுதான் நல்ல கவுன்சிலராக இருக்கத் தகுதி பெற்றிருந்தார். அந்த நேரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். முதல் தவறு அவரை மேயராக்கியது என்றால், இரண்டாவது, அதைவிடப் பெரிய தவறு இது.

தமிழ்நாட்டில் இதையே அரசு செய்தது. 28 மாவட்டங்களில் 2020-இல் பதவியேற்ற ஊராட்சித் தலைவர்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அடுத்த தேர்தல் அறிவிக்கப்படவில்லை. பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. கே.என். தொட்டியில் 21 வயதில் வந்தவரைப் போன்றவர்கள் தீர்மானப் புத்தகத்தையும் ரசீதுகளையும் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தார்கள். நல்ல தலைவரை ஊர் மறுபடி தேர்ந்தெடுக்கவும், தவறியவரை ஊரே தோற்கடிக்கவும் அந்த ஜனவரியில் ஒரு வாக்குச்சாவடி திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. மோட்டார் எரிந்தால் இப்போது குடத்தோடு போய் நிற்க வேண்டிய வாசல், பல கிலோமீட்டர் தள்ளி, ஒன்றிய அலுவலகத்தில் இருக்கிறது.